ஷட் டவுன் பண்ண கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகுதா? எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கணும்னு சொல்றேன்

ஷட் டவுன் குடுத்தாச்சு, ஸ்க்ரீன் இருண்டாச்சு, ஃபேன் சத்தமும் அடங்கியாச்சுன்னு எழுந்து போறீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பார்த்தா லாகின் ஸ்க்ரீன் நிக்குது. இல்லன்னா நடுராத்திரில யாரும் தொடாமலே ஃபேன் சுத்த ஆரம்பிக்குது. இதைப் பார்த்ததும் நிறைய பேர் வைரஸ்னு பயந்துடுறாங்க, யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நினைக்கிறாங்க, அடுத்த நாளே விண்டோஸை ஃபார்மட் பண்ணிடுறாங்க. தயவு செஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க. ஃபார்மட் பண்ணி, எல்லா சாஃப்ட்வேரையும் திரும்ப ஏத்தி, ரெண்டு நாள் வேலையும் போய், மூணாவது நாள் ராத்திரி அதே மாதிரி தானா ஆன் ஆனதை நான் நேர்லயே பார்த்திருக்கேன், ஏன்னா காரணம் விண்டோஸ்லயே இல்ல.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். ஆஃப் ஆன கம்ப்யூட்டர் முழுசா ஆஃப் ஆகிறதில்ல. பிளக் சொருகி ஸ்விட்ச் போட்டிருக்கிற வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை பெட்டி) இருந்து 5 வோல்ட் லைன் ஒண்ணு மதர்போர்டுக்கு (எல்லா பாகமும் சொருகுற பெரிய போர்டு) எப்பவும் போயிட்டே இருக்கும், அந்த பெரிய 24 பின் கனெக்டர்ல ஊதா கலர் வயர் அதுதான். அந்த கரண்ட்டை வச்சுக்கிட்டு மதர்போர்டோட ஒரு சின்ன பகுதி முழிச்சிருக்கும். முன்னாடி இருக்கிற பவர் பட்டன் லைட் ஸ்விட்ச் மாதிரி நேரா கரண்ட்டை விடுற ஸ்விட்ச் இல்ல, "ஆன் பண்ணு"ன்னு மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் குடுக்குது, அவ்வளவுதான். மதர்போர்டு உடனே அதே கனெக்டர்ல இருக்கிற பச்சை வயரை கிரவுண்டுக்கு இழுக்கும், எஸ்எம்பிஎஸ் முழுசா முழிச்சுக்கும். இந்த "ஆன் பண்ணு"ங்கிற சிக்னலை பவர் பட்டன் மட்டும்தான் குடுக்கணும்னு இல்ல, நெட்வொர்க் கார்டு குடுக்கலாம், கீபோர்டு மவுஸ் குடுக்கலாம், மதர்போர்டுல இருக்கிற கடிகாரம் குடுக்கலாம், கரண்ட் போயிட்டு வந்தா அதுவே ஒரு சிக்னலா ஆகலாம். அப்போ நம்ம வேலை என்னன்னா யார் சிக்னல் குடுக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கிறது, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

அதனால எந்த செட்டிங்கையும் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் கவனிச்சு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க: எப்போ ஆஃப் பண்ணீங்க, எப்போ ஆன் ஆச்சு, அந்த நேரத்துல வேற என்ன நடந்துச்சு. ஆஃப் ஆன சில செகண்ட்லயே திரும்ப வருதா, தினமும் ஒரே நேரத்துக்கு வருதா, கரண்ட் போயிட்டு வந்தப்போ வருதா, மேஜையை இடிச்சா வருதா, இல்ல எந்தக் கணக்கும் இல்லாம வருதா. காரணம் யாருங்கிறது முக்கால்வாசி இந்த நேரத்துலயே தெரிஞ்சிடும். ஒரே நாள்ல பத்து செட்டிங் மாத்தினீங்கன்னா பிரச்சனை போனாலும் எதனால போச்சுன்னு தெரியாது, அடுத்த தடவை வந்தா திரும்ப முதல்ல இருந்து.

இன்னொண்ணு, நீங்க பண்றது நிஜமாவே ஷட் டவுன்தானான்னு பாருங்க. லேப்டாப் மூடியை மூடுறது, கீபோர்டுல இருக்கிற நிலா படம் போட்ட கீயை அமுக்குறது, பவர் பட்டனை ஒரு தட்டு தட்டுறது, இதெல்லாம் நிறைய சிஸ்டத்துல ஸ்லீப்தான், அதாவது முழுசா ஆஃப் ஆகாம தூங்குறது. பவர் லைட் விட்டு விட்டு மின்னிட்டு இருந்தா பெரும்பாலும் ஸ்லீப்னு அர்த்தம். ஸ்லீப்ல இருந்து எழும்புறதும் ஷட் டவுன்ல இருந்து ஆன் ஆகிறதும் வேற வேற பிரச்சனை, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

காரணம் விண்டோஸா, அதுக்கு வெளிய இருக்கிறதான்னு பிரிச்சுடுங்க

இந்த ஒரு டெஸ்ட் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். சிஸ்டத்தை ஆன் பண்ணதும் டெலீட் கீ இல்லன்னா எஃப்2 கீயை தட்டிட்டே இருந்து பயாஸ் ஸ்க்ரீனுக்குள்ள, அதாவது விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற மதர்போர்டோட செட்டிங் ஸ்க்ரீனுக்குள்ள போங்க (சில கம்பெனி சிஸ்டத்துல எஃப்10, எஸ்கேப்னு மாறும்). அங்கேயே நின்னு பவர் பட்டனை நாலஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் இன்னும் லோடே ஆகல, அதனால இப்படி ஆஃப் பண்றதுல ஃபைல் எதுவும் கெடாது. இதுக்கப்புறமும் தானா ஆன் ஆச்சுன்னா விண்டோஸ் மேல சந்தேகப்பட வேண்டாம், நேரா கீழ பயாஸ், பட்டன் பத்தி சொல்ற இடத்துக்கு போயிடுங்க. இப்படி ஆஃப் பண்ணா அமைதியா கிடக்குது, விண்டோஸ்ல ஷட் டவுன் பண்ணா மட்டும் எழுந்து வருதுன்னா விண்டோஸ் செட்டிங்கோ டிரைவரோ (ஒவ்வொரு சாமானையும் விண்டோஸோட பேச வைக்கிற சின்ன சாஃப்ட்வேர்) தான்.

ஆஃப் ஆன உடனே திரும்ப ஆன் ஆகுதுன்னா

இதுல ரொம்ப பேர் கண்ணுக்கு தப்பிக்கிற காரணம், ஷட் டவுன் ஆகிற கடைசி நொடில ஏதோ ஒரு டிரைவர் க்ராஷ் ஆகிறது. விண்டோஸ் க்ராஷ் ஆனா தானா ரீஸ்டார்ட் ஆகணும்னு ஒரு செட்டிங் ஆரம்பத்துல இருந்தே ஆன்ல இருக்கும், அதனால நீலத் திரை கண்ணுக்கு தெரியுறதுக்குள்ளயே ரீஸ்டார்ட் ஆகிடும், நமக்கு ஷட் டவுன் ஆகி திரும்ப ஆன் ஆன மாதிரி தெரியும். கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம், அதுல அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதுல ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரின்னு இருக்கிற பகுதில செட்டிங்ஸ் பட்டனை அமுக்கினா "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்"னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. அடுத்த தடவை ஷட் டவுன் பண்ணும்போது க்ராஷ் ஆச்சுன்னா நீலத் திரை அப்படியே நிக்கும் (புது விண்டோஸ் 11ல இது கறுப்புத் திரையா வரும்), அதுல இருக்கிற ஸ்டாப் கோடை போட்டோ எடுத்துக்கோங்க, சில நேரம் எந்த டிரைவர் ஃபைல்னு பேரே போட்டிருக்கும். அந்த டிரைவரை அப்டேட் பண்றதுதான் தீர்வு. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க், புதுசா சொருகின யூஎஸ்பி சாமான், இந்த மூணையும் முதல்ல பாருங்க.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 வந்த 2012ல இருந்து இது இருக்கு. இது ஆன்ல இருந்தா ஷட் டவுன் குடுக்கும்போது விண்டோஸ் முழுசா மூடுறதில்ல, நம்ம புரோகிராமை எல்லாம் மூடிட்டு தன்னோட உள் பகுதியையும் டிரைவர்களையும் ஹைபர்னேட் (இருக்கிற நிலையை டிஸ்க்ல சேமிச்சுட்டு ஆஃப் ஆகிறது) மாதிரி டிஸ்க்ல எழுதி வச்சுட்டு ஆஃப் ஆகும், அப்போதான் காலைல சீக்கிரம் ஆன் ஆகும். ஏதாவது ஒரு டிரைவருக்கு இந்த அரைகுறை தூக்கம் ஒத்துக்கலன்னா ஆஃப் ஆகாம திரும்ப எழும்பிடும். இதுதான் காரணமான்னு பார்க்க எதையும் மாத்தவே வேண்டாம், ஷிஃப்ட் கீயை அமுக்கிட்டே ஷட் டவுன் குடுங்க, அந்த ஒரு தடவை மட்டும் முழு ஷட் டவுன் ஆகும். ஷிஃப்ட்டோட பண்ணா ஒழுங்கா ஆஃப் ஆகுது, இல்லாம பண்ணா எழும்புதுன்னா சந்தேகமே இல்லாம ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். நிரந்தரமா நிறுத்த கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ", அதுல மேல மங்கலா இருக்கிற செட்டிங்கை மாத்தணும்னு சொல்ற லிங்க்கை கிளிக் பண்ணிட்டு, கீழ "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" டிக்கை எடுத்து சேவ் பண்ணுங்க. எஸ்எஸ்டி போட்ட சிஸ்டத்துல இதை நிறுத்தினா ஆன் ஆகிற நேரத்துல பெருசா வித்தியாசம் தெரியாது, அதனால என் கருத்து என்னன்னா பிரச்சனை இருக்கோ இல்லையோ இதை நிறுத்தி வைக்கிறதுல நஷ்டம் இல்ல.

அப்டேட் நிலுவைல இருக்கும்போது "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" குடுத்தா நடுவுல ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகி மிச்ச வேலையை முடிச்சுட்டு அப்புறம் ஆஃப் ஆகிறது சாதாரணம்தான், அவசரப்பட்டு பிளக்கை புடுங்காதீங்க. ஆனா விண்டோஸ் 11ல அப்படி கடைசியா ஆஃப் ஆகாம லாகின் ஸ்க்ரீன்லயே நின்னுடுற ஒரு பிழை ரொம்ப நாளா இருந்துச்சு, 2025 அக்டோபர் கடைசில வந்த அப்டேட்லதான் மைக்ரோசாஃப்ட் அதை சரி பண்ணாங்க. அப்டேட் வர்ற நாள்ல மட்டும் இப்படி ஆகுதுன்னா விண்டோஸை புது பதிப்புக்கு கொண்டு வந்துட்டு பாருங்க.

ஸ்லீப்ல போட்டா கொஞ்ச நேரத்துல எழும்புதுன்னா

இங்க நல்ல செய்தி என்னன்னா விண்டோஸே காட்டிக் குடுக்கும். ஸ்டார்ட் மெனுல கமாண்ட் ப்ராம்ட்டை தேடி, ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா ஓபன் பண்ணுங்க. அதுல பவர்ங்கிற இங்கிலீஷ் வார்த்தையோட சி, எஃப், ஜி மூணு எழுத்தையும் இடைவெளி விடாம ஒட்டி அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு, லாஸ்ட்வேக்னு ஒரே வார்த்தையா அடிச்சு என்டர் தட்டுங்க. கடைசியா எது எழுப்புச்சுன்னு சொல்லும். சில நேரம் வெறும் பூஜ்யம்னு காட்டும், கவலைப்படாதீங்க, அதே கமாண்ட்ல ஸ்லாஷுக்கு அப்புறம் லாஸ்ட்வேக்குக்கு பதிலா டிவைஸ்குவெரி, ஒரு ஸ்பேஸ், அப்புறம் வேக் அண்டர்ஸ்கோர் ஆர்ம்டுன்னு அடிங்க, இப்போ எந்தெந்த சாமானுக்கு சிஸ்டத்தை எழுப்புற உரிமை இருக்குன்னு ஒரு பட்டியல் வரும். மூணாவது, ஸ்லாஷ் வேக்டைமர்ஸ், இது எந்த புரோகிராம் அலாரம் வச்சிருக்குன்னு சொல்லும்.

பட்டியல்ல மவுஸ் இருந்தா அதுதான் முதல் சந்தேகம். ஆப்டிக்கல் மவுஸ் பளபளப்பான மேஜை மேல இருந்தா யாரும் தொடாமலே சென்சார் அசைவுன்னு நினைச்சுக்கும், பக்கத்துல ஏதாவது அதிர்ந்தாலும் போதும். டிவைஸ் மேனேஜர்ல (எல்லா சாமானையும் பட்டியல் போடுற விண்டோஸ் பகுதி, ஸ்டார்ட் மெனுல தேடினா வரும்) மவுஸை டபுள் கிளிக் பண்ணி பவர் மேனேஜ்மென்ட் டேப்ல "அலோ திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்" டிக்கை எடுத்துடுங்க. கீபோர்டுக்கு மட்டும் அந்த டிக்கை விட்டு வைங்க, எல்லாத்துக்கும் எடுத்துட்டா பவர் பட்டனைத் தவிர எழுப்ப வேற வழியே இருக்காது.

டைமர்தான் காரணம்னா பவர் ஆப்ஷன்ஸ்ல உங்க பிளானோட அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்கு போய் ஸ்லீப்ங்கிறதுக்கு கீழ "அலோ வேக் டைமர்ஸ்"னு இருக்கிறதை டிசேபிள் பண்ணுங்க. ராத்திரி சரியா 2 மணிக்கு எழும்புதுன்னு எழுதி வச்சிருந்தீங்கன்னா அது பெரும்பாலும் விண்டோஸோட ஆட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ், அதோட நேரம் மாத்தாத வரைக்கும் அதிகாலை 2 மணிதான். கன்ட்ரோல் பேனல்ல செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் பகுதில, அந்த வேலைக்காக கம்ப்யூட்டரை எழுப்பலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. இந்த டைமர் எல்லாம் ஸ்லீப், ஹைபர்னேட்ல இருந்துதான் எழுப்பும், முழுசா ஷட் டவுன் ஆன சிஸ்டத்தை விண்டோஸ் டைமர் ஆன் பண்ணாது, அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவரும் உதவும். விண்டோஸ் லாக்ஸ்ல சிஸ்டம் லாக்கை திறந்து, ஆன் ஆன நேரத்துக்கு பக்கத்துல என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க. 1074 இருந்தா ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ கேட்டுத்தான் ஷட் டவுன் இல்ல ரீஸ்டார்ட் ஆகியிருக்கு, யாருன்னும் அதுல எழுதியிருக்கும். 41 இல்லன்னா 6008 இருந்தா ஒழுங்கா ஆஃப் ஆகாம திடீர்னு நின்னு போயிருக்கு, க்ராஷ் இல்ல கரண்ட் பக்கம் பாருங்க. பவர் ட்ரபிள்ஷூட்டர்ங்கிற பேர்ல நம்பர் 1 இருந்தா ஸ்லீப்ல இருந்து எழும்பினது, எழுப்பினது யாருன்னும் அதுலயே இருக்கும்.

லேன் கேபிள்

கேபிள் போட்டு இன்டர்நெட் எடுக்கிறவங்க இதை கண்டிப்பா பாருங்க. சிஸ்டம் ஆஃப்ல இருக்கும்போது பின்னாடி லேன் போர்ட்ல பச்சை, ஆரஞ்சு லைட் மின்னிட்டு இருந்தா நெட்வொர்க் சிப் தூங்காம கேபிளை கேட்டுட்டே இருக்குன்னு அர்த்தம். வேக் ஆன் லேன்னு சொல்றது இதுதான். மேஜிக் பாக்கெட்னு ஒரு குட்டி செய்தி வந்தா சிஸ்டம் ஆன் ஆகும், அதுல முதல்ல முழுக்க ஒண்ணுகளா 6 பைட், அப்புறம் உங்க நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸ் (அந்த கார்டுக்குன்னு இருக்கிற தனி நம்பர்) 16 தடவை, மொத்தம் 102 பைட். இந்த மாதிரி ஒண்ணு தற்செயலா வந்துடாது. பிரச்சனை எங்கன்னா பல கார்டுல "வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச்"னு இன்னொண்ணும் ஆன்ல இருக்கும், அப்போ ரவுட்டரோ வீட்டுல இருக்கிற போன், டிவியோ சாதாரணமா "இந்த அட்ரஸ்ல யாரு இருக்கா"ன்னு கேட்டாக்கூட போதும், சிஸ்டம் ஸ்லீப்ல இருந்து எழுந்துக்கும்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள், ராத்திரி லேன் கேபிளை கழட்டி வச்சுட்டு படுங்க. ரெண்டு மூணு ராத்திரி அமைதியா இருந்துச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டரை திறந்து, பவர் மேனேஜ்மென்ட் டேப்ல எழுப்புற டிக்கை எடுங்க, இல்ல வெளிய இருந்து ரிமோட்ல ஆன் பண்ற பழக்கம் உங்களுக்கு இருந்தா அந்த டிக்கை விட்டு வச்சு "ஒன்லி அலோ எ மேஜிக் பாக்கெட்"ங்கிறதையும் டிக் பண்ணுங்க. அட்வான்ஸ்டு டேப்ல பேட்டர்ன் மேட்ச்சை டிசேபிள் பண்ணுங்க. ரியல்டெக் சிப்பா இருந்தா அதே பட்டியல்ல "ஷட் டவுன் வேக் ஆன் லேன்"னு தனியா ஒண்ணு இருக்கும், ஷட் டவுன் ஆன பிறகும் எழுப்புறது அதுதான், அதையும் நிறுத்துங்க.

பயாஸ்ல பார்க்க வேண்டியது

பயாஸ்ல பேரு ஒவ்வொரு போர்டுக்கும் மாறும், ஆனா விஷயம் நாலுதான். கரண்ட் போயிட்டு வந்தா என்ன பண்ணணும்ங்கிறது ஒண்ணு, "ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்", "ஏசி பேக்", "ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்" இப்படி ஏதோ ஒரு பேர்ல இருக்கும், அதை பவர் ஆஃப்னு வைங்க. கரண்ட் ஒரு நொடி மினுக்கினாலே போதும், இது ஆன்ல இருந்தா சிஸ்டம் ஆன் ஆகிடும், பவர் ஸ்ட்ரிப் ஸ்விட்ச்சை போட்டதும் ஆன் ஆகுதுன்னா காரணம் இதுவேதான். ரெண்டாவது ஆர்டிசி அலாரம், குறிப்பிட்ட நேரத்துக்கு ஆன் ஆகச் சொல்றது. மூணாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் மூலமா ஆன் ஆகிறது, இது லேன் சம்பந்தப்பட்டது. நாலாவது கீபோர்டு, மவுஸ், யூஎஸ்பி மூலமா ஆன் ஆகிறது. எல்லாத்தையும் டிசேபிள் பண்ணிடலாம்.

இதெல்லாம் தேடி அலுத்துட்டா "ஈஆர்பி ரெடி"ன்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. ஐரோப்பிய யூனியனோட மின்சார சிக்கன விதிக்காக வந்தது இது, எனேபிள் பண்ணா ஆஃப்ல இருக்கும்போது போர்டு தனக்கு வர்ற ஸ்டாண்ட்பை கரண்ட்டை கிட்டத்தட்ட எல்லா சாமானுக்கும் நிறுத்திடும், லேன், யூஎஸ்பி எதுவும் எழுப்ப முடியாது. ஆஃப்ல இருக்கும்போது யூஎஸ்பில போன் சார்ஜ் போடுறது மட்டும் போயிடும்.

நீங்க மாத்தின பயாஸ் செட்டிங் எல்லாம் ரெண்டு நாள்ல பழையபடி ஆகிடுது, தேதியும் தப்பா காட்டுதுன்னா போர்டுல இருக்கிற நாணயம் மாதிரி பேட்டரி தீர்ந்து போச்சு. பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுல அது சிஆர்2032, 3 வோல்ட், பிளக்கை கழட்டிட்டு மாத்திடலாம்.

பவர் பட்டன்

எந்தக் கணக்கும் இல்லாம கண்ட நேரத்துல ஆன் ஆகுது, பயாஸ்ல இருந்து ஆஃப் பண்ணாலும் ஆகுது, லேன் கேபிளும் கழட்டியாச்சுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது கேபினட்டோட (கம்ப்யூட்டரோட வெளிப்பெட்டி) பவர் பட்டனைத்தான். பழைய கேபினட்ல தூசியும் ஈரமும் சேர்ந்து பட்டனுக்குள்ள இருக்கிற காண்டாக்ட் தானா ஒட்டிக்கும், பிளாஸ்டிக் பட்டன் உள்ள போய் முழுசா வெளிய வராம மாட்டிக்கும். ஆன் ஆன நாலஞ்சு செகண்ட்ல தானா ஆஃப் ஆகிடுதுன்னா பெரும்பாலும் பட்டன் அமுங்கின நிலைலயே மாட்டியிருக்குன்னு அர்த்தம்.

இதை கண்டுபிடிக்க முதல்ல பிளக்கை கழட்டுங்க, பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கி மிச்சமிருக்கிற கரண்ட்டை போக்குங்க, அப்புறம் பக்கவாட்டு மூடியை திறங்க. மதர்போர்டோட கீழ் ஓரத்துல சின்ன சின்ன வயர் கூட்டமா சொருகியிருக்கும், அதுல பவர் ஸ்விட்ச்னு எழுதின ரெண்டு பின் கனெக்டரை பார்த்து கழட்டுங்க, கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. இப்போ பிளக்கை சொருகி ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க. தானா ஆன் ஆகலன்னா பட்டன்தான் காரணம், ஆச்சுன்னா பட்டன் மேல தப்பில்ல. பட்டன்தான்னா புது கேபினட் வாங்கணும்னு இல்ல, ரீசெட் பட்டனோட வயரை எடுத்து பவர் ஸ்விட்ச் பின்ல சொருகிடுங்க, ரெண்டும் ஒரே மாதிரி ஸ்விட்ச்தான், இனிமே ரீசெட் பட்டன் பவர் பட்டனா வேலை செய்யும்.

அதுக்கு அப்புறம் எல்லா யூஎஸ்பி சாமானையும் கழட்டிப் பாருங்க, முக்கியமா தனியா அடாப்டர் வச்ச யூஎஸ்பி ஹப், சில ஹப் கரண்ட்டை திரும்ப கம்ப்யூட்டருக்குள்ளயே தள்ளும், போர்டு அதுல குழம்பிடும். கடைசியா மிச்சம் இருக்கிறது எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு. வேற நல்ல எஸ்எம்பிஎஸ் கிடைச்சா மாத்தி பாருங்க, ஆனா எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீங்க, பிளக்கை கழட்டின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் நிக்கும்.

லேப்டாப், மேக், லினக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு

லேப்டாப்ல மூடியை திறந்தா ஆன் ஆகிறது, சார்ஜர் சொருகினா ஆன் ஆகிறது ரெண்டும் பயாஸ்ல தனி செட்டிங்கா இருக்கும், நிறுத்தலாம். பைக்குள்ள வச்ச லேப்டாப் எழும்பி சூடாகுதுன்னா பேட்டரிக்கு ரொம்ப கெடுதல், அது சரியாகிற வரைக்கும் ஸ்லீப் வேண்டாம், மூடியை மூடினா ஹைபர்னேட் ஆகிற மாதிரி வைங்க. 2016 கடைசில வந்த மேக்புக் ப்ரோவுல இருந்து மேக் லேப்டாப்புகள் மூடியை திறந்தா தானா ஆன் ஆகிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, அது கோளாறு இல்ல. மேக்ல நெட்வொர்க்குக்காக எழும்புறதையும், டெஸ்க்டாப் மேக்ல கரண்ட் போயிட்டு வந்தா ஆன் ஆகிறதையும் சிஸ்டம் செட்டிங்ஸ்ல எனர்ஜி இல்லன்னா பேட்டரி பகுதில நிறுத்தலாம். லினக்ஸ்ல ப்ராக் ஃபோல்டருக்குள்ள ஏசிபிஐ ஃபோல்டர்ல வேக்அப்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை திறந்தா எதுக்கெல்லாம் எழுப்புற உரிமை இருக்குன்னு எனேபிள்டு, டிசேபிள்டுன்னு வரிசையா தெரியும்.

காரணம் கிடைக்கிற வரைக்கும் ராத்திரி ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டு பிளக் பாயிண்ட் ஸ்விட்ச்சையும் ஆஃப் பண்ணி வைக்கலாம், தப்பில்ல. ஸ்க்ரீன் அணைஞ்ச உடனே ஸ்விட்ச்சை அணைக்காதீங்க, ஃபேனும் பவர் லைட்டும் நின்ன பிறகு அணைங்க. கடைசில சர்வீஸுக்கே குடுக்க வேண்டி வந்தாலும் அந்தப் பேப்பரை கூடவே குடுங்க, பயாஸ்ல இருந்து ஆஃப் பண்ணா என்ன ஆச்சு, பவர் ஸ்விட்ச் வயர் கழட்டினா என்ன ஆச்சு, லேன் இல்லாம என்ன ஆச்சுன்னு மூணு வரி எழுதியிருந்தா அவங்களும் ஃபார்மட்ல ஆரம்பிக்காம நேரா எஸ்எம்பிஎஸ்ல இருந்து பார்க்க ஆரம்பிப்பாங்க.